சடலத்துப் புழுவும் பருவகாலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயல்வெளியிலோ வாவிக்கரையிலோ சில நாட்களின் பின் கண்டெடுக்கப்படும் சடலத்தின் இறப்பு நேரத்தை அதில் இலையான் (ஈ) இட்ட முட்டைகளிலிருந்து வந்த புழுக்களின் வளர்ச்சியைக் கொண்டு கணிக்கும்போது, பருவகாலத்தையும் கருத்திற்கொள்வது இன்றியமையாதது. கச்சான் எனும் வெப்பக் காற்று வீசும் ஆனி மாதத்தில், கல்லடிக் கரையில் உப்பிடத் தாமதித்த மீனின் செவுளில் பச்சை இலையான் இட்ட வெள்ளை முட்டைகள் மறுநாளே புழுக்களாக நெளிகின்றன. மார்கழி அடைமழையிலோ இலையான் பறப்பதே அரிது. ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்து நாட்களளவில் முழு இலையானாகும் முட்டைக்கு, குளிர்ச்சியான நாட்களில் கூடுதல் காலம் தேவைப்படும். ஆகவே, சடலம் கிடந்த இடத்தின் வெப்பநிலையை, அது நிழலா வெயிலா என்பதையும் சேர்த்து, தொடர்ந்து சில நாட்கள் பதிவு செய்வதையும், புழுக்களில் ஒரு பகுதியை உயிருடன் வளர்த்து இனங்காண்பதையும் மரண விசாரணைகளில் வழமையாக்குமாறு உரிய அதிகாரிகளை வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.