கிக்கும் பேஸும் சேர்ந்து விழணும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய பேஸ் கிட்டார் பதிவைக் கேட்டோம். அப்பா முதல் தடவையே தலையாட்டிவிட்டார். எனக்கும் பெருமைதான், டோன் அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் டிரம்ஸ் மெஷின் போலக் கேட்கிறதே? முன்பு அனுப்பியதில் எல்லாம் ஸ்னேர் டிரம்மில் நடுநடுவே சின்னத் தட்டல் கேட்கும். இதில் அது இல்லை. சரி, இருக்கட்டும்.

இரண்டாவது சுற்றிலிருந்து நீ தாளத்தை முந்தி ஓடுகிறாய். நாலாவது அடிக்கும் அடுத்த ஆவர்த்தத்தின் ஒன்றுக்கும் நடுவில்தான் இடம் சுருங்குகிறது. அவசரக்காரர்கள் எல்லோருக்கும் அங்கேதான் சுருங்கும். மெஷின் உனக்காக நிற்காது, உன் பின்னால் ஓடியும் வராது. ஆள் உட்கார்ந்திருந்தால் நீ முந்தும்போது ஹைஹேட் என்கிற ஜோடித் தட்டில் கொஞ்சம் அழுத்தி உன்னைப் பிடித்து நிறுத்தியிருப்பார்.

நீ இருக்கிற ஓக்லாண்டிலேயே 1968-ல் தொடங்கிய டவர் ஆஃப் பவர் குழுவின் பேஸ் கலைஞர் ரோக்கோ பிரஸ்டியாவைத் திரும்ப உட்கார்ந்து கேள். 1973-ல் வந்த ‘வாட் இஸ் ஹிப்’ பாட்டு போதும். ஒரே சுரத்தை அடிக்கு நாலு வீதம் தட்டிக்கொண்டே போகிறார். எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கேட்டால் உட்கார முடியாது. காரணம் வலது கையில் இல்லை, இடது கையில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் சுரத்தைப் பிடிக்கும், மற்ற விரல்கள் அதே கம்பியின் மேல் சும்மா படுத்திருக்கும். சுரம் பிறந்தவுடனே அடங்கிவிடும். ஒவ்வொன்றும் முடியும் இடம் தெளிவாக இருப்பதால்தான் அடுத்தது தொடங்கும் இடம் தெளிவாகக் கேட்கிறது.

உன் பதிவில் ஒரு இடத்தில் ‘டிங்’ என்று மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் வருகிறது பார். கோஸ்ட் நோட் (சுரம் கேட்காமல் தட்டல் மட்டும் கேட்கும் அடி) வாசிக்கும்போது ஒற்றை விரல் மட்டும் கம்பியில் பட்டிருக்கிறது. 5, 7, 12 ஆகிய ஃப்ரெட்டுகளுக்கு (வீணையின் மெட்டு மாதிரி) நேர் மேலே ஒரு விரல் பட்டால் ஹார்மோனிக் என்கிற அந்த மணிச் சத்தம் பிறந்துவிடும். குறைந்தது இரண்டு விரல், முடிந்தால் மூன்று விரல் பட வேண்டும். அழுத்தாதே, தொட்டால் போதும்.

வலது கையால் இவ்வளவு ஓங்கி அடிக்காதே. அடிக்கு நாலு வாசிக்கும்போது ஓங்கி அடித்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் முன்கை இறுகிவிடும், இறுகினால் காலப்பிரமாணம் போய்விடும். ஆம்ப்பில் சத்தத்தை ஏற்று, கையைத் தளர்த்து. ஆம்ப்பைத் தரையில் வைத்தால் அதன் கூர்மையெல்லாம் முழங்காலோடு போய்விடும். உனக்கே நீ கேட்காமல் இன்னும் ஓங்கத் தோன்றும். நாற்காலி மேல் ஏற்று, இல்லையென்றால் காதைப் பார்க்கச் சாய்த்து வை.

பயிற்சிக்கு மெட்ரோனோமை நிமிடத்துக்கு 45-ல் வைத்து, அந்த க்ளிக்கை இரண்டாவது, நாலாவது அடியாக எண்ணு. பாட்டு 90-ல் ஓடும். ஒன்றை நீயே தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதைத் தினமும் செய். சாப்பிட்ட பிறகாவது செய். நேரத்துக்குச் சாப்பிடு.

ரோக்கோவை மட்டும் கேட்காதே. அவர் பக்கத்தில் டிரம்மர் டேவிட் கரிபால்டி. கிக்கை, அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் அடியை, எதிர்பாராத இடத்தில் நகர்த்தி வைப்பார், ஸ்னேரில் முணுமுணுப்பார். அவர் அப்படி விளையாட முடிவதே இவர் அசையாமல் நிற்பதால்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் தரையே இருக்காது. ஒருவர் நகரும்போது மற்றவர் நிற்கிறார், அவ்வளவுதான். பல வருடம் சேர்ந்து வாசித்தால் மட்டுமே அது வரும். நடுவில் ஒருவர் போய்த் திரும்பி வந்தாலும் அது அழியாது. ரோக்கோவே இடையில் குழுவை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்தான். மேடையில் எப்போதும் ஹைஹேட் பக்கமாகவே நில், டிரம்மரின் காலும் கையும் தெரியும். அந்தத் தம்பியோடு வாசிக்கும்போது நீ அப்படித்தான் நிற்பாய். தீபாவளிக்கு அவன் போன் செய்வான், இந்த முறை செய்யவில்லை. அப்பா கேட்டார். வேலையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஜாக் லண்டன் சதுக்கத்துப் பக்கம் வாசிக்கப் போனால் ரயில் பாதையில் கவனம். 2017 ஜனவரியில் கரிபால்டியையும், அப்போது ரோக்கோவுக்குப் பதிலாக வாசித்துக்கொண்டிருந்த பேஸ் கலைஞரையும் அங்கேதான் ரயில் அடித்தது. கச்சேரிக்குப் போகிற வழியில். இருவரும் பிழைத்தார்கள். தோளில் பேஸ், காதில் பாட்டு என்று நடக்காதே. காதில் எதையும் மாட்டிக்கொண்டு நடக்காதே. ராத்திரி தனியாகத்தான் திரும்புகிறாயா இப்போது?

டிரம்ஸ் இல்லாமல் வாசிக்க வேண்டி வந்தால், அதற்கும் உன் ஊரில் வழி இருக்கிறது. பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் ஓக்லாண்டில் வளர்ந்தவர், அம்மாவோடு சேர்ந்து கிளப்புகளில் வாசித்தவர். டிரம்மர் இல்லாமல் போனபோது கட்டை விரலால் கம்பியைத் தட்டி கிக்கை உண்டாக்கினார், ஆள்காட்டி விரலால் சுண்டி ஸ்னேரை உண்டாக்கினார். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் உலகமே கேட்ட ஸ்லாப் வாசிப்பு அப்படிப் பிறந்ததுதான். இரண்டு பேர் வேலையை ஒரே கையில் எடுத்துக்கொண்டார்.

நீ ஸ்லாப் அடிக்கும்போது கட்டை விரல் கம்பியிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் மொத்தென்று விழுகிறது. பூட்டில் சாவி திருப்புவதுபோல முன்கையைச் சுழற்று, கட்டை விரலின் எலும்பு மூட்டு ஃப்ரெட் போர்டின் கடைசியில் பட்டு உடனே விலகட்டும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் திறந்த ஈ கம்பி, இரண்டுக்கும் நாலுக்கும் டி கம்பியின் 2-ஆவது ஃப்ரெட்டில் அதே ஈ, மேல் ஸ்தாயி. முதலில் 60-ல் மட்டும். சுண்டுவது பெரிதாகக் கேட்டால் தட்டுவதை ஏற்றாதே, சுண்டுவதைக் குறை.

மெஷினை அணைத்துவிட்டு, இதை மட்டும் நாலு நிமிடம் வாசித்து அனுப்பு. பேச வேண்டும் போல இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, இங்கே என்ன மணி என்று பார்க்காதே.

அன்புடன்,
அம்மா