ஆண்டறிக்கை 2025: பயிற்சிப் படகின் வின்ச்கள் மாற்றப்பட்ட விவரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நீரோடி, கொல்லங்கோடு பக்கத்திலிருந்தும் கேரள எல்லை தாண்டிப் பொழியூர், பூவாறு, விழிஞ்ஞம் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். உறுப்பினர் சேர்க்கையும் வரவு செலவும் பொருளாளரின் அறிக்கையில் தனியே தரப்பட்டுள்ளன. செயற்குழுவின் நேரத்திலும் சங்கத்தின் பணத்திலும் பெரும்பகுதியை இவ்வாண்டு எடுத்துக்கொண்டது நம் 30 அடிப் பாய்மரப் பயிற்சிப் படகின் வின்ச்களை, அதாவது பாய்க் கயிற்றைக் கைப்பிடியால் சுற்றி இழுக்கும் உருளைப் பொறிகளை, மாற்றிய பணியாகும். அதற்கு ஒப்புதல் அளித்த பேரவைக்கு அதன் முழு விவரமும் தெரிய வேண்டும் என்பதால், இவ்வறிக்கையை அந்த ஒரு பணிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

படகு நம் கைக்கு வந்தபோது முன்பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் தாமான் கயிற்றை இழுக்க இருபக்கமும் இருந்தவை ஒரே வேகம் கொண்ட பழைய அலுமினிய வின்ச்கள். அவற்றின் ஆற்றல் விகிதம், அதாவது கைப்பிடியில் தரும் விசை கயிற்றில் எத்தனை மடங்காகிறது என்பது, 16. கச்சான் காற்று சற்று உரத்தாலே, பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிக் கட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டியிருந்தது. ஆழ்கடல் தொழிலில் தோள் உரமேறிய நம் மூத்தவர்களுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் படகு அவர்களுக்காக வாங்கப்பட்டதன்று. பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்காக, அவர்களில் கணிசமான பெண்பிள்ளைகளுக்காக வாங்கப்பட்டது. மேலும், விழிஞ்ஞத்தின் புதிய துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, பெரிய கொள்கலன் கப்பல்கள் நம் கரைக்கு அருகிலேயே வந்து திரும்புகின்ற இந்நாளில், திசை மாற்றும்போது பாய் படபடத்துக்கொண்டு படகு நடுவழியில் தயங்கி நிற்பது கண்ணெதிரே தெரியும் ஆபத்தாகும்.

எந்த அளவு வின்ச் வேண்டும் என்பதை நாம் ஊகத்தில் முடிவு செய்யவில்லை. தாமான் கயிற்றில் விழும் சுமையைக் கணக்கிட வின்ச் தயாரிப்பாளர்கள் தரும் எளிய வாய்பாடு ஒன்று உண்டு. பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் அளவில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) எடுத்து அதை அதே எண்ணால் பெருக்கி, இவ்விரண்டையும் பெருக்கி வருவதை 0.02104ஆல் பெருக்கினால் சுமை கிலோவில் கிடைக்கும். நம் ஜெனோவா என்னும் பெரிய முன்பாயின் பரப்பு 28 சதுர மீட்டர். 15 நாட் காற்றில் அதன் சுமை ஏறத்தாழ 133 கிலோ. 20 நாட் காற்றில் 236 கிலோ. காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, சுமையோ ஏறக்குறைய எண்பது விழுக்காடு கூடிவிட்டது. காற்று இரட்டித்தால் சுமை நான்கு மடங்காகும் என்பதைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனெனில் பாயை எப்போது சுருக்குவது என்ற கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

இனி வின்ச்சின் எண்ணுக்கு வருவோம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வின்ச்சின் மேல் குறிக்கும் 16, 30, 40 போன்ற எண்கள் அதன் மிகக் குறைந்த கியரின் ஆற்றல் விகிதத்தை ஏறத்தாழக் காட்டுபவை. கைப்பிடியின் நீளத்தை உருளையின் ஆரத்தால் வகுத்து, கியர் விகிதத்தால் பெருக்கினால் அந்த எண் வரும். 254 மில்லிமீட்டர், அதாவது 10 அங்குலக் கைப்பிடியும், 40 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளையும், 6.3 என்ற கியர் விகிதமும் சேர்ந்தால் விகிதம் 40 ஆகிறது. 236 கிலோ சுமையை விகிதம் 16 உள்ள வின்ச்சில் இழுக்க, உராய்வில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் போவதாக வைத்துக்கொண்டால், கைப்பிடியில் 22 கிலோ அழுத்தம் தர வேண்டும். விகிதம் 40 என்றால் 9 கிலோ போதும். பதினாறு வயதுப் பிள்ளையால் 9 கிலோவைத் தொடர்ந்து தர முடியும், 22 கிலோவைத் தர முடியாது. செயற்குழு 40ஆம் எண்ணைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம். விலையும் எடையும் குறைவாக உள்ள 30ஆம் எண் போதும் என்று சிலர் வாதிட்டனர். 15 நாட் வரை அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நம் கடலில் ஆடி, ஆவணி மாதக் காற்று அந்த அளவோடு நிற்பதில்லை.

பெரிய விகிதத்துக்கு ஒரு விலை உண்டு, அது வேகம். மேற்சொன்ன கியரில் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கயிறு 4 செண்டிமீட்டர்தான் வரும். எனவே இரண்டு வேக வின்ச் இல்லாமல் முடியாது என்று தீர்மானித்தோம். கைப்பிடியை ஒரு திசையில் சுற்றினால் முதல் கியர் வேலை செய்து, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 செண்டிமீட்டர் கயிற்றை விரைவாக வாங்கும்; சுமை ஏறியதும் எதிர்த்திசையில் சுற்றினால் இரண்டாம் கியர் மெதுவாக, வலுவாக இழுக்கும். உருளை எப்போதும் வலஞ்சுழியாகவே சுற்றும், மாறுவது கைப்பிடியின் திசை மட்டுமே. 8 அங்குலக் கைப்பிடி வாங்கினால் மலிவு என்ற யோசனை வந்தது. அதனால் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 40 என்பது 32 ஆகிவிடும் என்பதைக் காட்டியபின் அந்த யோசனை கைவிடப்பட்டது.

லூமார், ஹார்கென், ஆண்டர்சன் ஆகிய தயாரிப்புகளின் விவர ஏடுகளை உறுப்பினர்கள் அலசினர். இன்ன பெயரைத்தான் வாங்க வேண்டும் என்ற பிடிவாதம் செயற்குழுவுக்கு இருக்கவில்லை. உருளை பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உதிரி நாக்குகளும் ஸ்பிரிங்குகளும் பத்து ஆண்டு கழித்தும் கிடைக்குமா என்பதையே முதலில் பார்த்தோம். பிறர் பயன்படுத்திய பழைய வின்ச்களை வாங்கும் வாய்ப்பும் வந்தது. உருளையைப் பக்கவாட்டில் அசைத்தபோது அது ஆடியது, பேரிங் தேய்ந்திருந்தது, ஆகவே வேண்டாம் என்றோம். அலுமினிய உருளை இலேசானது, ஆனால் உப்புக்காற்றில், துருவேறாத எஃகு போல்ட்டுகளுடன் சேர்ந்து கிடக்கும்போது அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். எனவே எடை கூடினாலும் குரோம் பூசிய வெண்கல உருளையையே எடுத்தோம். கயிற்றைத் தானே கவ்விப் பிடிக்கும் செல்ஃப் டெயிலிங் வகை என்பதால், ஒருவர் சுற்ற மற்றொருவர் வாலைப் பிடித்திழுக்கும் நிலை மாறிவிட்டது. அந்தக் கவ்விக்கு ஏற்ற தடிமன் உண்டு. நம்முடையது 8 முதல் 12 மில்லிமீட்டர் கயிற்றை ஏற்கும். மெலிந்து வழுக்கிக்கொண்டிருந்த பழைய தாமான்களுக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் கயிறு போடப்பட்டது.

மின்சார வின்ச் வைக்கலாம் என்று சென்ற பேரவையில் எழுந்த கோரிக்கையைச் செயற்குழு மதிப்புடன் ஆராய்ந்தது. வயதான உறுப்பினர்களுக்கு அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நம் படகின் பாட்டரி சிறியது. அதைவிட முக்கியமாக, கயிறு எங்கேனும் சிக்கினால் கை உடனே உணரும், மோட்டார் உணராமல் இழுத்துக்கொண்டே போகும். விரல் சிக்கினாலும் அப்படித்தான். பயிற்சிப் படகுக்கு அது ஏற்றதன்று என்பது என் உறுதியான கருத்து.

பணி மாசி, பங்குனி மாதங்களில் நடந்தது. கடல் அமைதியாக இருக்கும் நல்ல மாதங்கள் வீணாயின என்று வருந்தியவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தின் ஈரக்காற்றில், தளத்தைச் செப்பனிடும் எப்பாக்சிப் பிசின் சரியாக இறுகாது. வேறு வழி இருக்கவில்லை.

பழைய வின்ச்களைக் கழற்றியபோது தெரியவந்ததைச் சொல்லியாக வேண்டும். இடப்பக்க போல்ட் ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் கிளறியதும், உள்ளிருந்து காப்பிப்பொடி நிறத்தில் ஈரமான தூள் வந்தது. மேல்தளத்தின் இரண்டு பைபர் அடுக்குகளுக்கு இடையே நிரப்பியிருந்த பால்சா மரம் நீர் புகுந்து மட்கியிருந்தது. புதிய வின்ச்சை அதன்மேல் அப்படியே முறுக்கியிருந்தால், இரண்டரை மடங்கு வலுவோடு இழுக்கும்போது வின்ச் தளத்தோடு பெயர்ந்து வந்திருக்கும். மட்கிய பகுதியைச் சுரண்டியெடுத்து, உலர்த்தி, எப்பாக்சியை நிரப்பி, அது இறுகிய பிறகு போல்ட் ஓட்டைகளை எப்பாக்சியின் நடுவே புதிதாகத் துளைத்தோம். அடியில் கையகல வாஷர்களுக்குப் பதிலாக முழு அடித்தகடு வைத்து, 316 தரத் துருவேறாத எஃகு போல்ட்டுகளால் இறுக்கினோம். வின்ச்சின் அடியில் நீர் வடியும் சிறு துளைகளைப் பசை அடைத்துவிடாதபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். வின்ச்சுக்கு மாதக்கணக்கில் விலை பேசிவிட்டு, அது உட்காரும் இடத்தை ஒரு நாளில் முடித்துவிட நினைக்கும் படகுக்காரர்கள் பலர். இப்பணியில் உழைத்த உறுப்பினர்கள் அப்படி அவசரப்படவில்லை. அவர்களுக்கு இப்பேரவை கைதட்டி நன்றி கூற வேண்டும்.

கயிறு வந்து சேரும் கோணமும் அவ்வாறே முக்கியமானது. கயிறு உருளையின் மேல்நோக்கி, கீழிருந்து ஏறத்தாழ 5 முதல் 8 பாகை சரிவில் ஏறிவர வேண்டும். மேலிருந்து இறங்கி வந்தால் ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறிப் பூட்டிக்கொள்ளும். சுமையில் இருக்கும்போது அதை அவிழ்ப்பது எளிதன்று. வலப்பக்கத்தில் கோணம் போதாததால், தேக்குக் கட்டையை ஆப்பு வடிவில் சீவி அடியில் வைத்தோம். கைப்பிடி எதிலும் இடிக்காமல் முழு வட்டம் சுற்றுகிறதா என்பதைத் துளையிடுவதற்கு முன்பே அட்டை மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

பழைய வின்ச்கள் வீணாகவில்லை. அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, அறைக் கூரையின்மேல், பாயை மேலேற்றும் ஆஞ்சான் கயிற்றுக்கும் பெரிய பாயைச் சுருக்கும் கயிற்றுக்குமாக அமைத்திருக்கிறோம். அங்கே அவற்றின் வலு தாராளமாகப் போதும். இதனால் பாயைச் சுருக்க எவரும் பாய்மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர்கள் நம்முடையவை. காற்று மாறும் நேரத்தில் பிள்ளைகள் சுக்கானருகில் உட்கார்ந்தபடியே பாயைக் குறைக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதியைத் தருகிறது.

பராமரிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வின்ச்சுக்குள், உருளையை ஒருபக்கம் சுழலவிட்டு மறுபக்கம் தடுக்கும் சிறு நாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றின் பின்னும் நகக்கண் அளவு ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. நாக்குகளுக்கு இலேசான எண்ணெய் மட்டுமே இட வேண்டும். கிரீஸ் தடவினால் அவை ஒட்டிக்கொண்டு பிடிக்கத் தவறும்; அப்போது சுமை கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுழற்றியடித்து மணிக்கட்டை முறித்துவிடும். கிரீஸ் கியர்களுக்கும் பேரிங்குகளுக்கும், அதுவும் மெல்லிய பூச்சாக மட்டுமே. கழற்றும்போது அடிப்புறத்தில் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டியை வின்ச்சைச் சுற்றி மாட்டிக்கொண்டால், தெறிக்கும் ஸ்பிரிங் கடலுக்குப் போகாது. மண்ணெண்ணெயில் கழுவும் முறை உட்பட எல்லாவற்றையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் படகின் கருவிப்பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறோம்.

பயிற்சியில் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கப்படுவது சுற்றுகளின் எண்ணிக்கையாகும். தொய்வை இழுக்கும்போது இரண்டு சுற்று, சுமை ஏறியதும் மூன்று அல்லது நான்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வின் பிடி பல மடங்கு பெருகுவதால், நான்காம் சுற்று போட்ட கயிற்றை ஒரு சிறுமியால் இரு விரலால் பிடித்து நிறுத்த முடிகிறது. தளர்த்தும்போது உள்ளங்கையைச் சுற்றுகளின்மேல் தட்டையாக வைத்துச் சிறிது சிறிதாக விட வேண்டும், விரலை ஒருபோதும் கயிற்றுக்கும் உருளைக்கும் இடையே விடக்கூடாது.

எதிர்வரும் ஆண்டில் ஜூன், ஜூலை மாதங்களில் படகு கரையேறி நிற்கும்போது நான்கு வின்ச்களையும் முழுமையாகக் கழற்றிப் பராமரிக்கவும், உதிரி நாக்குகளும் ஸ்பிரிங்குகளும் ஒரு தொகுதி வாங்கி வைக்கவும், பூட்டுள்ள மூன்றாவது 10 அங்குலக் கைப்பிடி ஒன்று வாங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரைகளையும் இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்