டாங்கி மூடியில் ஒரு குளவி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் நான் சொல்ல வந்ததை நீ முழுசாகக் கேட்கவே இல்லை. "அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடு, பணம் அனுப்புறேன், புதுசு வாங்கு" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற நம் டீசல் எஞ்சின் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் நம் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை வந்த தண்ணீர் மடைக்கு ஒரு சாண் கீழேயே ஓடியது. குறுவை நாற்றுக்கு 25 நாள் ஆகிவிட்டது. கரையில் எஞ்சினை வைத்து இறைத்தால்தான் நடவு. மேலத்தெருப் பையன் ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பிவிட்டான். கால் மணி நேரம் ஓடி, இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மூன்று நாள் ஆகும் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நடவு நேரத்தில்தான் ஊரிலுள்ள எஞ்சின் எல்லாம் ஒன்றாகப் படுக்கும்.

உன் அப்பா ராத்திரியில் ரிப்பேர் பார்த்தபோதெல்லாம் டார்ச் பிடித்தது யார்? டார்ச் பிடிப்பவளுக்கு வேறு வேலை கிடையாது, பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அப்படி நின்ற வருஷங்கள் வீண் போகவில்லை.

டீசல் போகும் வழியில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்தேன். ஏர் எடுப்பதென்றால் டாங்கியில் தொடங்கி டீசல் போகிற வழியிலேயே போக வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தினேன். நுரைத்து நுரைத்து வந்து, பிறகு குமிழி இல்லாமல் வழிந்ததும் இறுக்கினேன். அடுத்தது டீசல் பம்பில். கடைசியாக, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாஸிலின் பைப் நட்டைத் தளர்த்தி, எஞ்சின் லேசாகச் சுற்றுவதற்காக டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து, பையனை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். டீசல் துள்ளி வந்தது. நட்டை இறுக்கிவிட்டுச் சுற்றினால் நாஸில் ‘கிரிச் கிரிச்’ என்று கத்தும், அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்பார் அப்பா. நாஸிலைக் கழற்றி அடிக்கவிட்டுப் பார்க்கும்போது மட்டும் எதிரே விரலை நீட்டக் கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒருமுறை என் கையை அவர் தட்டிவிட்டது இன்னும் நினைவிருக்கிறது.

எஞ்சின் பிடித்தது. கால் மணி நேரத்தில் மறுபடி நின்றது. மறுபடியும் ஏர் எடுத்தேன், மறுபடியும் அதே கதை. காற்று எங்கிருந்து வருகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மூன்றாம் தடவை நின்றதும், டீசலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று டாங்கி மூடியைத் திருகினேன். ‘உஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், அதிலிருக்கும் சின்னத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது! எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, எதிர்ப்பக்கம் இன்னொன்று குத்துவோமே, அதே கணக்குத்தான். சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டேன். அவ்வளவுதான் ரிப்பேர். இதற்காகவா 5 எச்பி எஞ்சினைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொன்னாய்?

மூன்று முறை கழற்றி மாட்டியதில் ஃபில்டர் போல்ட்டின் செப்பு வாஷர் கசிய ஆரம்பித்தது. புது வாஷருக்காக ஒரத்தநாடு போய்வர நேரமில்லை. இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டி, தண்ணீரில் போட்டேன். காய்ச்சினால் செம்பு இளகிவிடும், மறுபடி நன்றாக உட்காரும். பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வாஷரைக் காய்ச்சியதை உன் அத்தை பார்த்துவிட்டாள், அது தனிக் கதை.

அப்புறம் தண்ணீர் பம்பு. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தைக் கயிறு வைத்து அடைத்திருக்கும் கிளாண்டில் தண்ணீர் கொட்டியது, தண்ணீரை மேலே இழுக்கும் சக்‌ஷன் பிடிக்கவில்லை. பழைய கயிற்றைக் குத்தி எடுத்துவிட்டு, புதுக் கயிற்றைச் சரிவாக வெட்டி, ஒரு வளையத்தின் வெட்டு இன்னொன்றின் மேல் வராதபடி வைத்தேன். இது வரைக்கும் சரி. கொஞ்சம்கூடக் கசியக் கூடாது என்று நட்டை முறுக்கினேன் பார், அங்கேதான் தப்புப் பண்ணினேன். பத்து நிமிஷத்தில் கருகல் வாடை, ஷாஃப்டில் கை வைக்க முடியவில்லை. கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும், அதுதான் ஷாஃப்டைக் குளிர வைக்கும். அப்பா விட்டு வைத்திருந்த சொட்டை இத்தனை நாள் அவருடைய சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

வயசான காலத்தில் எதற்கு இந்த வேலை என்கிறாய். நான் சுற்றுவதில்லை, பையன்தான் சுற்றுகிறான். அவனுக்கும் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எஞ்சின் எதிர்த்து அடித்தால் விரல் தப்பும். நான் முந்தானையை இறுக்கிச் செருகி, அப்பா சட்டையை மேலே போட்டுக்கொண்டுதான் கிட்டேயே போவேன். டீசல் பம்பையும் நாஸிலையும் பிரிக்க மாட்டேன், ஒரு தூசி போனாலும் கெட்டுவிடும். அது மெக்கானிக் வேலை.

மேல வயல் நடவு முடிந்தது. கீழ வயலுக்கு வியாழக்கிழமை ஆள் வருகிறார்கள். பணம் அனுப்ப வேண்டாம். போன தீபாவளிக்கு வந்தபோது சைக்கிளுக்கென்று 16-17 ஸ்பேனரை எடுத்தாயே, எங்கே வைத்தாய்? வீடு முழுக்கத் தேடிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா