செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: தாராவி, மும்பை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கடந்த ஆண்டில் செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழாவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குதலும் குறைவின்றி நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எஞ்சிய நேரத்தை இவ்வாண்டு நாம் இழந்த ஆச்சிக்கு ஒதுக்குமாறு செயற்குழு பணித்திருக்கிறது. அவருடைய இயற்பெயர் இரங்கல் தீர்மானத்தில் இருக்கிறது. ஆயினும் தொண்ணூறு அடி சாலையில் ‘பால்வாடி ஆச்சி’ என்றால்தான் தெரியும் என்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பரவிவந்த நாட்களில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி இங்கு வந்திருந்த அவர், அங்கன்வாடி சேவிகாவாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரே சிறிய அறையில் பணியாற்றினார். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பதும், கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பதும், பிள்ளைகளின் எடையைப் பதிவதும் அவர் வேலை. உத்தரத்தில் தொங்கும் தராசில் பிள்ளையை ஏற்றினால் கண்பட்டுவிடும் என்று தாய்மார்கள் தயங்கியபோது அவர் வாதாடவில்லை. பையிலிருந்து மைச்சிமிழை எடுத்துப் பிள்ளையின் கன்னத்தில் பொட்டு வைத்து, “இனி ஒரு கண்ணும் படாது, உக்கார வையிட்டி” என்பார். என் மகளும் அந்தப் பொட்டுடன் தராசில் ஏறியவள்தான்.

1995இல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியபோது, முகாமுக்கு நம் சங்க அறையை ஆச்சி கேட்டார். கேரம் போட்டி நடப்பதால் தர இயலாது என்று செயற்குழு மறுத்தது. அவர் கல்லி (சந்து) முனையில் ஒரு பெஞ்சைப் போட்டு, மாலைவரை அங்கேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. இவ்வறிக்கைக்காக நம் பதிவேடுகளைப் புரட்டியபோது, சங்கத்தின் எத்தனையோ காரியங்களுக்கு வீடுவீடாக நடந்த அவருடைய பெயர் இரண்டே இடங்களில்தான் அகப்பட்டது: ஒன்று அந்த மறுப்புத் தீர்மானம், மற்றொன்று இவ்வாண்டின் இரங்கல் தீர்மானம். எனக்கு முந்தைய செயலாளர்களைக் குறைசொல்ல மாட்டேன். நானும் பத்து ஆண்டுகளாக எழுதாமல்தான் இருந்திருக்கிறேன்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கிடைப்பது சம்பளமன்று, மதிப்பூதியம். அவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது ஆச்சி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்செய்தியை நாளிதழிலிருந்து வெட்டித் தம் நோட்டுக்குள் வைத்திருந்தார். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

அந்த நோட்டுகளை அவருடைய பேத்தி சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார். அலுவலகப் பதிவேடு மராத்தியில். இவை அவர் தமக்காகத் தமிழில் எழுதிக்கொண்டவை. வீட்டு அடையாளம், தாயின் பெயர், பிள்ளையின் எடை, எந்த வீட்டில் மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சுழி. தம் பேரப்பிள்ளைகளின் எடையையும் ஊர்ப் பிள்ளைகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறார். ஒரு பேரனுக்கு நேரே மூன்று மாதம் தொடர்ந்து சுழி இருக்கிறது. மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26 வெள்ளத்தில் நனைந்த இரண்டு நோட்டுகளில் மை கலைந்துவிட்டது.

இனி சொட்டு மருந்து நாட்களில் சங்க அறையை விண்ணப்பமின்றித் திறந்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நோட்டுகளுள் 1998ஆம் ஆண்டுக்குரியது மட்டும் காணப்படவில்லை. எவரேனும் தம் பிள்ளையின் பிறந்த தேதி பார்க்க வாங்கிச் சென்றிருந்தால், அருள்கூர்ந்து சங்கத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்