எழுதிக் கொடுத்தார்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நியூசிலாந்தின் தமிழ் மணி பற்றிய கட்டுரையைப் படித்தேன். மணியைப் பற்றி நீங்கள் போடும் மூன்றாவது கட்டுரை இது. சரி, நம் எழுத்து பொறித்த மணி, பெருமைப்படலாம். ஆனால் கடைசிப் பத்தியில், இந்நாட்டின் பூர்வகுடிகளைப் பற்றி, 'சட்டம் அறியாத மாவோரிகள் 1840இல் தங்கள் நாட்டை விக்டோரியா ராணிக்கு எழுதிக் கொடுத்தனர்' என்று ஒரே வரியில் பத்திரத்தை முடித்துவிட்டாரே கட்டுரையாளர், அதைத்தான் விழுங்க முடியவில்லை.

அந்த மணியை மாவோரிகள் பாத்திரமாக்கி உருளைக்கிழங்கு வேகவைத்ததைப் பார்த்த மிஷன் அச்சகர் வில்லியம் கோலென்சோ யாரென்று தங்களுக்குத் தெரியாததா? 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கி என்ற ஊரில், ராணியுடனான ஒப்பந்தத்தில் மாவோரித் தலைவர்கள் கையெழுத்துப் போட இருந்த நேரத்தில் குறுக்கிட்டு, இதில் உள்ளது இவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று ராணியின் பிரதிநிதி ஹாப்சனிடம் கேட்டவரும் அவரே. மணிக்கு முழுப் பக்கம் ஒதுக்கிய தாங்கள் அந்தக் கேள்விக்கு அரை வரி தந்திருக்கலாம்.

ஒப்பந்தத்தை ஹென்றி வில்லியம்ஸ் பாதிரியாரும் மகனும் ஒரே இரவில் மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் இறையாண்மை முழுவதும் ராணிக்கு. மாவோரியில் வெறும் 'காவனாதங்கா', அதாவது கவர்னர் பார்க்கும் வேலை. தலைமை உரிமையான 'ரங்கதீராதங்கா' அவர்களிடமே இருக்கும் என்கிறது அடுத்த பிரிவு. மாவோரித் தலைவர்களின் 1835 சுதந்திரப் பிரகடனத்தை மொழிபெயர்த்தபோது இறையதிகாரத்துக்கு 'மனா' என்று எழுதத் தெரிந்த அதே வில்லியம்ஸுக்கு, ஐந்தே வருடத்தில் அந்தச் சொல் மறந்துபோயிற்றாம்! கையெழுத்திட்ட ஐந்நூறு சொச்சம் பேரில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரிப் பிரதியில்தான். 1840 பிப்ரவரியில் அதில் கையெழுத்திட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று, ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கித் தீர்ப்பாயமே 2014இல் சொல்லிவிட்டது.

என் அப்பா கைநாட்டு. குத்தகை என்று வாசித்துக் காட்டிய தாளில் கட்டைவிரலை உருட்டினார். அது கிரயப் பத்திரம். விரலில் இருந்த மையை வேட்டி நுனியில் துடைத்தபடி வெளியே வந்து, சந்தோஷமாக எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். ஒன்றரை ஏக்கர் போயிற்று. 'நீதானேப்பா எழுதிக் கொடுத்தே' என்று சாகும்வரை ஊர் அவரைக் கேட்டது.

அப்புறம் அந்த 'சட்டம் அறியாத'. இங்கே கடலில் ஒருவர் மூழ்கி இறந்தால் 'ராஹூயி' என்ற தற்காலிகத் தடையை அந்தப் பகுதிக்கு மாவோரிகள் விதிப்பார்கள். போன கோடையில் வாளியோடு சிப்பி பொறுக்கக் கிளம்பிய என்னைப் பக்கத்து வீட்டு மாவோரிப் பாட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார். போலீஸ் இல்லை, அபராதச் சீட்டு இல்லை. இருந்தும் கடற்கரையில் ஓர் ஈ காக்கை கிடையாது.

மூன்று வருடம் முன்பு, மாவோரிகள் முன்பே வாழ்ந்த நாட்டை 'கேப்டன் குக் கண்டுபிடித்த நியூசிலாந்து' என்று போட்டபோதும் எழுதினேன். நான்கு வரியாக நறுக்கி, என் பெயரைத் தப்பாக அச்சிட்டுக் கௌரவித்தீர்கள். நன்றி.

'எழுதிக் கொடுத்தனர்' என்பதற்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடவும். சந்தா கட்டியும் தீபாவளி மலர் இன்னும் வந்து சேரவில்லை, அதையும் கவனிக்கவும்.

தங்கள் பழைய சந்தாதாரர்,
வெலிங்டன்