மச்சானுக்கு, போன வருஷம் கேட்ட பாட்டுகளைப் பற்றி

அன்பு மச்சானுக்கு,

ஷார்ஜாவிலிருந்து நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் பொங்கலன்று வாசலில் கோலம் போட வேறு யாரையும் விடவில்லை. சின்னவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குவதால் வீட்டில் பாட்டுச் சத்தத்துக்குத் தடை, நான் காதில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2025-இல் எனக்குப் பிடித்தது எது, ஏன் என்று எழுதச் சொன்னாய். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நோட்டுத் தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிட காசெட்டின் இரண்டு பக்கமும் நிரப்பி வாங்கிய காலத்திலிருந்து நமக்குள் இருக்கிற பழக்கம் இது. அதனால் போனில் இரண்டு வரி தட்டிவிட மனசு வரவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

சினிமாப் பாட்டில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். இந்தத் தடவை தவிலில் தொடங்குகிறேன். போன வருஷம் ஜனவரி 25-ஆம் தேதி பத்ம விருதுப் பட்டியல் வந்தபோது புதுச்சேரி தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்குப் பத்மஸ்ரீ என்று பார்த்ததும் சொந்தக்காரர் ஒருவருக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. தட்சிணாமூர்த்தி என்றால் தவில் கேட்கிறவர்களுக்கு 1975-இல் காலமான யாழ்ப்பாணத்துக்காரர்தான் முதலில் ஞாபகம் வருவார், இப்போது நம்ம பக்கத்திலும் அந்தப் பேரில் ஒருவர் இருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். அதே பட்டியலில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ, பறைக்காக. குருவாயூர் துரைக்கும் பத்மஸ்ரீ, மிருதங்கத்துக்காக. ஒரே வருஷத்தில் மூன்று தோல் வாத்தியம். அப்புறம் மார்ச் மாதம் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது, அதுவும் வயலின்காரர் ஆர்.கே. ஸ்ரீராம்குமாருக்கு. பெரிய பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். இதையெல்லாம் பார்த்தபோது என் மனசில் ஒன்று உறுதியாகிவிட்டது மச்சான்: போன வருஷம் எனக்குப் பிடித்ததெல்லாம் மேடையின் ஓரத்தில் இருப்பவர்களின் வேலை. நடுவில் இருப்பவரைத்தான் நாம் இத்தனை வருஷமும் கேட்டோம்.

வைகாசியில் பாடலீஸ்வரர் கோயில் திருவிழா நடந்தபோது இதே நினைப்போடு போனேன். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் மேளக்காரர்கள் மண்டபத்தில் தயாராகிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். தவில்காரருக்கு வயசு இருபத்தைந்து இருக்கும். வலது கை விரல் ஒவ்வொன்றிலும் கூட்டைப் போட்டு, ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். துணியைச் சுற்றி மாவுப் பசை தடவிக் காயவைத்த கூடுதான், ஆனால் காய்ந்த பிறகு கல் மாதிரி ஆகிவிடுகிறது. நடு விரல் கூடு கொஞ்சம் லூசாக இருந்தது போல, கழற்றி உள்ளே ஒரு துண்டுத் துணியை வைத்து மறுபடி போட்டு, வலது பக்கத் தோலான வலந்தலையில் ஒரே ஒரு தட்டு தட்டினார். மண்டபத்துத் தூணில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் எழுந்து பறந்தன. பலாக்கட்டையைக் குடைந்து செய்த உடம்பு தவிலுக்கு, பண்ருட்டியை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் பலாப்பழத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது என்று உனக்குத் தெரியும், கம்பீர நாட்டை ராகத்தில் வெறும் சுரமும் ஜதியும்தான். முதலில் தவில் தனியாக முழங்கி, அதற்குப் பின்னால்தான் நாகஸ்வரம் எழும்புகிறது. ஒரே சொல்லை மெதுவாக ஒரு தடவை, வேகம் கூட்டி இரண்டாம் காலத்தில் ஒரு தடவை, இன்னும் கூட்டி மூன்றாம் காலத்தில் ஒரு தடவை என்று கொண்டுபோகும்போது சாமியைத் தூக்குகிறவர்களின் தோளும் காலும் தானாக அதற்கு இசைந்துவிடுகின்றன. இதை வீடியோவில் நூறு தடவை பார்த்தாலும் பிடிபடாது, பக்கத்தில் நின்றால் வயிற்றுக்குள் அடிக்கிறது. அந்தப் பையன் மூன்றாம் காலத்துக்குப் போனபோது நாகஸ்வரம் வாசித்த பெரியவர், வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே, கண்ணால் அவனைப் பார்த்துச் சிரித்தார். நான் போன வருஷம் கேட்டதில் முதல் இடம் இதற்குத்தான், இதற்கு ஒலிப்பதிவு எதுவும் இல்லை, அதனால் உனக்கு அனுப்ப முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

இதே மூச்சில் ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்தில் பூஜை நேரத்துக்கு மின்சார மேளம் வைத்திருக்கிற கோயில்கள் எத்தனை பார்க்கிறேன். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடித்துக்கொள்ளும். கல்யாணங்களில் செண்டை மேளத்தைக் கூப்பிடுகிறார்கள், மாப்பிள்ளை அழைப்பில் ஆட வசதியாக இருக்கிறது என்று. செண்டை எனக்கும் பிடிக்கும், அதை வாசிக்கிறவர்கள் உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாலி கட்டும்போது கெட்டி மேளம் கொட்டச் சொன்னால் ஒலிபெருக்கியில் பதிவைப் போடுகிற மண்டபத்தை நான் நேரில் பார்த்துவிட்டேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விருது கொடுப்பது நல்லது, கூடவே நாள் பார்த்து வீட்டு விசேஷத்துக்கு ஒரு மேளம் வைப்பது அதைவிட நல்லது. என் மருமகன் காதுகுத்துக்கு ஒரு நாகஸ்வரம், ஒரு தவில் என்று வைத்தேன், வந்தவர்கள் எல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கேட்க ஆள் இருக்கிறது மச்சான், கேட்கக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

சரி, சினிமா. முதலில் 'பைசன்'. நிவாஸ் கே. பிரசன்னாவின் இசையில் மொத்தத் தொகுப்பையும் விடாமல் கேட்டது போன வருஷம் இது ஒன்றுதான், மற்றதில் எல்லாம் ஒன்றிரண்டு பாட்டோடு நின்றுவிட்டேன். 'றெக்க றெக்க'வில் ராப் பாடகர்கள் வேடனும் அறிவும் சேர்ந்து வருகிற இடத்தை நல்ல ஸ்பீக்கரில் கேள், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே. 'சீனிக்கல்லு' வேறு மாதிரி, ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேட்கிற பாட்டு. 'தென்னாடு' பாடியவர் சத்யன், அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

'வசூல்ராஜா'வில் 'கலக்கப் போவது யாரு' பாடினாரே, அதே சத்யன் மகாலிங்கம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடையில் 'காதலர் தினம்' படத்து 'ரோஜா ரோஜா'வை அவர் பாடிய பழைய காணொளி போன வருஷம் திடீரென்று எல்லோர் போனிலும் சுற்றியது. உன்னிகிருஷ்ணன் பாடிய பாட்டு, அதை யார் தொட்டாலும் ஒப்பிட்டுத்தான் பார்ப்போம். இவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், மெல்லிய சிரிப்போடு பாடுகிறார். நான் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே மறுபடி முதலிலிருந்து வைத்தேன். இந்தக் குரல் இத்தனை வருஷமாக நம்மிடம்தான் இருந்தது, படத்தில் பாடியது, மெல்லிசை மேடையில் பாடியது, நாம் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காணொளி பரவிய சூட்டில் 'தென்னாடு' வந்தபோது முதல் வரியிலேயே தொண்டை அடைத்துவிட்டது எனக்கு. நியாயம் தாமதமாகக் கிடைத்தாலும் கிடைத்ததே என்று இருந்தது.

'முத்த மழை' பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நீ சின்மயி கட்சி. 'தக் லைஃப்' தமிழ்த் தொகுப்பில் தீ என்கிற பாடகி பாடியது, தெலுங்கிலும் இந்தியிலும் சின்மயி பாடியது, மே மாதம் பாட்டு வெளியீட்டு மேடையில் தீக்குப் பதிலாகத் தமிழிலும் சின்மயி பாடினார், அதிலிருந்து ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்த மேடைப் பாட்டு அற்புதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல வருஷமாகத் தமிழில் வாய்ப்புக் குறைந்திருந்த ஒருவர், கிடைத்த ஒரு மேடையில் தன் மொத்தத்தையும் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அதைச் சொல்வதற்காக தீயை ஏன் திட்ட வேண்டும்? இருபது சொச்சம் வயசுப் பெண், அவள் குரலில் இருக்கிற அந்தக் கரகரப்பு வேறு ஒருவரிடம் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். சின்மயி பாடும்போது பாட்டு உன்னைத் தேடி வரும், தீ பாடும்போது நீ கிட்டே போய்க் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் ஷான் ரோல்டனின் 'முகை மழை' எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒரே பாட்டு, அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, கேட்டால் போதும். பழைய பாட்டைப் புதுப் படத்தில் செருகி விசில் வாங்குகிற வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 'குட் பேட் அக்லி' தியேட்டரில் 'தொட்டுத் தொட்டு பேசும் சுல்தானா' வந்தபோது எல்லோரும் கத்தினார்கள், பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். அது 1999-இல் வித்யாசாகர் உழைத்த உழைப்பு. இன்றைய படத்துக்கு இன்றைய இசையமைப்பாளர் ஒரு பாட்டுப் போடட்டும், அடுத்த தலைமுறை எடுத்து ஆட அவர்களுக்கும் ஏதாவது மிச்சம் வேண்டாமா?

பாடகர் ஜெயச்சந்திரன் போன வருஷம் ஜனவரி 9-ஆம் தேதி திருச்சூரில் இறந்துபோனார், எண்பது வயசு. நீ அப்போதே போன் பண்ணிப் பேசினாய், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பாட்டையே வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எஸ்.பி.பி., யேசுதாஸ் என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் அவர் பேரைச் சொல்வோம், அது எனக்கு இப்போது உறுத்துகிறது. 'காத்திருந்து காத்திருந்து' எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது 'தாலாட்டுதே வானம்', 'கடல் மீன்கள்' படத்தில் ஜானகியோடு பாடியது. சாயங்காலம் தேவனாம்பட்டினம் போய், சில்வர் பீச்சில் கூட்டம் இருக்கிற பக்கத்தை விட்டு, வடக்கே வலை காயப்போட்டிருக்கிற இடத்தில் உட்கார்ந்து கேட்டேன். குரலை அவர் எங்கேயும் தள்ளுவதில்லை. வரி முடிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டலாமே என்று நமக்குத் தோன்றும், அவர் இழுப்பதில்லை, முடிக்க வேண்டிய இடத்தில் முடித்துவிட்டு ஜானகிக்கு வழி விடுகிறார். கூடப் பாடுகிறவரை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற குரலை நான் வேறு கேட்டதில்லை.

இளையராஜா பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவன்டிம் அப்பல்லோவில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்த அன்று தூக்கம் வரவில்லை எனக்கு. எண்பத்தொரு வயசில், பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர், நான்கு பகுதிகளும் தன் கையால் எழுதியது. ஆனால் நான் கேட்டதெல்லாம் போனில் யாரோ எடுத்த துண்டுகள். முழுசாக நல்ல ஒலியில் கேட்காமல் அதைப் பற்றி நல்லது சொல்வதுகூட அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்தத் துண்டுகளில் கேமரா அவர் மேலேயே இருந்தது, என் காது பின் வரிசையில் கான்ட்ராபாஸ் என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம் வாசித்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது.

உன் பட்டியலை எழுதி அனுப்பு. அரபிப் பாட்டு ஏதோ கேட்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாயே, ஊத் என்கிற அந்த அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கிறவர் யாராவது பிடித்திருந்தால் பேரை எழுது, நானும் தேடிக் கேட்கிறேன்.

கடைசியாக, நீ மார்ச்சில் லீவு போடுவதாக இருந்தால் மாசி மகத்தை ஒட்டிப் போடு. காலையில் நம்ம தேவனாம்பட்டினத்துத் தீர்த்தவாரியைப் பார்த்துவிட்டு, முடிந்தால் அன்றைக்கே பாண்டி வைத்திக்குப்பம் போய்விடலாம், மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் வருவார்கள், ஒவ்வொரு சாமிக்குப் பின்னாலும் ஒவ்வொரு மேளம். பைக்கில் போனால்தான் கூட்டத்தில் புகுந்து வர முடியும். டிக்கெட் போட்டதும் சொல், மேளத்துக்குப் பக்கத்தில் நிற்க இடம் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வைக்கிறேன்.

உன் மச்சான்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து