கதிருக்கு: அந்த ஆர்.எஸ். வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

அன்புள்ள கதிர்,

வேகன்தான் (கூரை பின்பக்கம் வரை நீளும் கார்) வேண்டும், டர்போ பெட்ரோலாக இருக்க வேண்டும், புதுச்சேரியிலிருந்து கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தினமும் போய்வரும்போது கையில் கொஞ்சம் இழுவையும் வேண்டும் என்கிறாய். முதலில் பிரான்ஸ் மாமா பேச்சை முடித்துவிடுவோம். அவர் ஓட்டும் வேகனைக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்வது பாசத்தில். பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வண்டி தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பிரான்சில் ஸ்டீயரிங் இடப்பக்கம். சுங்க வரிக் கணக்கைப் போடும் வேலைகூட மிச்சம்.

ஆக, நீ கண் வைத்திருக்கும் 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230. ஐரோப்பாவில் இதே வண்டி காம்பி என்ற பெயரில் வேகனாகவும் விற்றது. இங்கே 2017-இல் வந்தது லிஃப்ட்பேக் மட்டும். பார்வைக்கு செடான், பின்கண்ணாடியோடு சேர்ந்தே டிக்கி திறக்கும். வேகன் இல்லையே என்று குறைப்படாதே. காம்பியின் டிக்கி 610 லிட்டர், இதற்கு 590. பின்சீட்டை மடக்கினால் அதற்கு 1,740, இதற்கு 1,580. வித்தியாசம் உயரத்தில்தான்: சரிந்து இறங்கும் கண்ணாடி, பிரிட்ஜ் மாதிரி நெட்டையான சாமானை நிமிர்த்தி வைக்க விடாது. உன் ஆறடி சர்ஃப் பலகை, மூக்கை முன்சீட்டுகளுக்கு நடுவே நுழைத்தால் உள்ளே போகும். ஒன்பது அடிப் பலகை எந்த வேகனிலும் கூரை மேல்தான். ஒன்று மட்டும்: செரினிட்டி கடற்கரையிலிருந்து ஈரப் பலகையை அப்படியே உள்ளே போடாதே. உப்புத் தண்ணீர் ஸ்டெப்னிக் குழியில் தேங்கி, தகடு அடியிலிருந்து அரிக்கும்.

எஞ்சின் 2.0 டி.எஸ்.ஐ. என்ற டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ. வேகத்தைத் தொட 6.8 விநாடி. நீ தினமும் போகும் வழியில், கிருமாம்பாக்கத்துக்கும் முள்ளோடைக்கும் நடுவில், இதில் பாதி போதும், அது வேறு விஷயம். 2020-இல் வந்த ஆர்.எஸ். 245 இருநூறு வண்டிதான், முழு இறக்குமதி. 2025 அக்டோபரில் வந்த புதியது நூறே வண்டி, 49.99 லட்சம். உன் பட்ஜெட்டுக்கு 230-தான் சரி.

சரி, கியர்பாக்ஸ். இதில் இருப்பது ஆறு கியர் டி.எஸ்.ஜி., அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், கிளட்ச் இரண்டும் எண்ணெயில் ஊறியவை. "விலை குறைவாக 1.8 டி.எஸ்.ஐ. ஒன்று இருக்கிறது" என்று புரோக்கர் திசை திருப்பினால் போகாதே. அதில் இருப்பது ஏழு கியர், உலர் கிளட்ச். சனிக்கிழமை மாலை நேரு வீதியில் ஊர்ந்தால் அந்தக் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். சூட்டை எடுத்துப் போக எண்ணெய் கிடையாது. கியரை மாற்றிவிடும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவும் பெரிது. எண்ணெய்க் கிளட்சுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. பதிலுக்கு 60,000 கி.மீ.க்கு ஒரு முறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். அந்த பில்லைக் கேள். "ஷோரூமில் செய்தது, பில் தொலைந்துவிட்டது" என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்.

அந்த சர்வீஸிலும் நம் ஊர் வெயில் ஒரு வேலை காட்டும். ஆயில் அளவைப் பார்க்கும்போது எஞ்சின் ஓட வேண்டும், கியர் ஆயிலின் சூடு 35-க்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூட்டை ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) பார்க்க வேண்டும். மே மாத மதியம் ஓட்டி வந்த வண்டியை அப்படியே லிஃப்டில் ஏற்றினால் ஆயில் விரிந்திருக்கும், கூடுதல் என்று வழிந்து போய்விடும், ஆறியபின் அளவு குறையும். அப்புறம் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது உதறுகிறது என்று கியர்பாக்ஸைக் குறை சொல்வார்கள். முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்.

எஞ்சினில் பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது வாட்டர் பம்ப். பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள், எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே மறைந்திருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் நெளிந்து, மெல்லக் கசியும். தரையில் சொட்டாது, எஞ்சின் சூட்டிலேயே காய்ந்து இளஞ்சிவப்புப் படலமாக நிற்கும். டார்ச் அடித்துப் பார், இனிப்பு வாடை வருகிறதா என்றும் கவனி. டேங்கில் கூலன்ட் பச்சையாக இருந்தாலோ வெறும் தண்ணீராக இருந்தாலோ, யாரோ கசிவைச் சமாளித்து ஓட்டியிருக்கிறார்கள். மாற்றினால் முழு யூனிட்டாகவே மாற்று. ரப்பர் வாஷர் மட்டும் போட்டு அனுப்பினால் திரும்ப வரும்.

அடுத்தது பி.சி.வி. வால்வு, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுப்பது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திற. லேசாக உறிஞ்சினால் சரி. மூடியைப் பிடுங்கவே முடியாதபடி இழுத்தாலோ விசில் கேட்டாலோ உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அதை அப்படியே விட்டால் எஞ்சின் ஆயில் குடிக்கும். பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் எஞ்சின்களில் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லாததால் கரி படியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அரை நிமிடம் நொண்டினால் அதையும் சந்தேகப்படு, ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் சந்தேகப்படு. அதனால்தான் சொல்கிறேன், வண்டி பார்க்கப் போவது காலை ஏழு மணிக்கு இருக்கட்டும், எஞ்சினைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் மட்டும் சாவியைக் கேள். விற்பவர் "உங்களுக்காகச் சூடாக்கி வைத்தேன்" என்றால் இன்னொரு நாள் போ.

ஸ்கேனரில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) நிலை எண்ணையும் எடுக்கச் சொல். பூஜ்யத்தை ஒட்டி இருப்பது நல்லது. நான்கு டிகிரியை நெருங்கினால் அந்தத் தண்டைச் சுழற்றும் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், விலை பேசுவதற்கு முன் மெக்கானிக்கிடம் பேசு.

ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டிய, வண்டி வேண்டாம். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். 350 நியூட்டன் மீட்டருக்குச் செய்த வண்டியை ஸ்டேஜ் 1 (ரீமேப்பின் முதல் படி) என்று 400-க்கு மேல் தள்ளினால் கியர்பாக்ஸ் அதன் தாங்கும் எல்லையில் ஓடும், கிளட்ச் வழுக்கும். விற்கும்போது பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள், ஆனால் தேய்மானத்தைத் திரும்ப ஏற்ற முடியாது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்), திறந்த ஏர் ஃபில்டர், புத்தம் புதிதாகத் தெரியும் இன்டர்கூலர் (டர்போ காற்றை ஆற்றும் பாகம்) கிளிப்புகள், இவை கண்டால் கேள்வி கேள்.

இனி வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரில் வீட்டுக்குள் தண்ணீர். இரண்டு நாள் கழித்து தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அந்த வாரம் இந்த வண்டி எங்கே நின்றது என்பதுதான் உன் முக்கியமான கேள்வி. சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்துப் பார். யாரும் கழுவ மறக்கும் இடம் அது, சேற்றுக் கோடு இருக்கும். முன்சீட்டின் அடியில் மஞ்சள் ஏர்பேக் கனெக்டரில் பச்சைப் பூப்பு இருக்கிறதா, சீட் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா பார். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி, கீழே இருக்கும் நுரையை அழுத்து. இன்னொரு வழி காகிதத்தில்: 2025 புதுப்பிப்பில் இன்சூரன்ஸின் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யமாகியிருந்தால், முந்தைய ஆண்டில் என்ன கிளெய்ம் என்று கம்பெனியிலேயே விசாரி.

பி.ஒய். 01 என்ற புதுச்சேரி நம்பர் என்பதால் உள்ளூர் வண்டி என்று நம்பிவிடாதே. வரி குறைவு என்று வெளி மாநிலத்துக்காரர்கள் புதுச்சேரி முகவரி காட்டி விலை உயர்ந்த கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017-இல் கேரளாவில் வழக்கு வரை போனது. ஆர்.சி.யில் உள்ள முகவரியில் அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறாரா, சர்வீஸ் பில்கள் எந்த ஊரில் என்று ஒத்துப்பார். உன் வீடு முத்தியால்பேட்டையில்தான் என்பதால் பதிவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் குடித்தனம் கடலூருக்கு மாறினால், 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருக்கும் வண்டிக்கு படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழகத்தில் மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும்.

டயர் 225/45 ஆர் 17. பக்கச்சுவர் பத்து சென்டிமீட்டர்தான். தவளக்குப்பம் பக்கத்து வேகத்தடைகளில் முன்பம்பரின் அடி உரசும், குழியில் விழுந்தால் ரிம் வளையும். நான்கு ரிம்மின் உட்புறத்தையும் தடவிப் பார். உப்புக்காற்றுக்குப் பின் பிரேக் டிஸ்க்கின் விளிம்பும் ஏ.சி. கண்டென்சரின் துடுப்புகளும் முதலில் போகும், இரண்டையும் பார்த்துவிடு.

ஓட்டத் தொடங்கியபின், எஞ்சின் ஆயில் ஸ்கோடாவின் தாய்க் கம்பெனி வோக்ஸ்வாகனின் 502 அல்லது 504 தரம், ஏறக்குறைய 5.7 லிட்டர், கம்பெனி 15,000 கி.மீ. என்றாலும் 8,000-க்கு மேல் போகவிடாதே. மழைநாளில் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் போடாதே. காற்றுக் குழாய் வழியே போன நீரை பிஸ்டன் அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு உண்டு. வண்டி வயது ஏறினால் தரத் தயங்குவார்கள், பாலிசி மாற்றும் அன்றே கேள்.

கியர்பாக்ஸ் பில் இருந்து, ரீமேப் தடயம் இல்லாமல், பெல்டில் சேறு இல்லாமல் இருந்தால் வாங்கு. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலாண்டு வேலைக்கென்று தனியாக வை. வாட்டர் பம்ப், டயர், பிரேக் மூன்றும் சேர்ந்து வந்தால் அது தேவைப்படும். பில், ரீமேப், சேறு என்ற மூன்று சோதனையில் ஒன்று தவறினாலும் அடுத்த வண்டியைப் பார். ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் முழுதாக அனுப்பு, பிழைப் பட்டியலை மட்டும் அனுப்பாதே. அழித்துவிட்டுக் காட்டுவது சுலபம்.

அன்புடன்,
அண்ணன்